50 வாட் சமுதாய வானொலி: மழைக்குப் பிறகு எல்லை சுருங்கிவிட்டது, எங்கே பார்ப்பது?

மொட்டைமாடி:
கல்லூரிச் சமுதாய வானொலி, 90.4 மெகாஹெர்ட்ஸ். 50 வாட் டிரான்ஸ்மிட்டர், மாடிமேல் இரும்புக் கம்பத்தில் ஒற்றை டைபோல் (இரு கை கொண்ட எளிய ஆன்டெனா), தரையிலிருந்து 22 மீட்டர் உயரம். கேபிள் ஆர்ஜி-213, 30 மீட்டர். முன்பு 10 கி.மீ. வரை தெளிவாகக் கேட்டது. ஐப்பசி மழைக்குப் பிறகு 5 கி.மீ. தாண்டினாலே இரைச்சல். மீட்டரில் ஆன்டெனாவுக்குப் போகும் பவர் 50 வாட், மோதித் திரும்பும் பவர் 1 வாட்தான்; அதனால் ஆன்டெனாவில் குறையில்லை என்று நினைக்கிறோம். போதாக்குறைக்கு, பேச்சில் ச, ஷ, ஸ வரும் இடமெல்லாம் கரகரக்கிறது. 100 வாட் டிரான்ஸ்மிட்டர் வாங்கிவிடலாமா என்று நிர்வாகம் கேட்கிறது.

கேபிள்பித்தன்:
வாங்காதீர்கள். முதலில் கேபிளைப் பாருங்கள். திரும்பும் பவர் 1 வாட் என்பதை நம்பி ஏமாறக்கூடாது. தண்ணீர் குடித்த கேபிள் பவரை மேலே போகும்போதும் தின்னும், மோதித் திரும்பும்போதும் தின்னும். கீழே இருக்கும் மீட்டருக்கு எல்லாம் சுகமாகவே தெரியும்.

சோதனை இப்படி: டிரான்ஸ்மிட்டரை அணைத்துவிட்டு, மேலே ஆன்டெனாவிலிருந்து கேபிளைக் கழற்றி, அந்த முனையில் வாட் மீட்டரும் 50 ஓம் டம்மி லோடும் (ஆன்டெனாவுக்குப் பதிலாகப் பவரை வாங்கிக்கொள்ளும் சுமை) மாட்டுங்கள். டம்மி லோடு இல்லாமல் ஆன் செய்தால் கடைசிக் கட்ட மாஸ்பெட் டிரான்சிஸ்டர் போய்விடக்கூடும். குறைந்த பவரில் தொடங்கி 50-க்கு ஏற்றுங்கள். நல்ல ஆர்ஜி-213 என்றாலே 30 மீட்டரில் 2 டெசிபல் இழப்பு உண்டு, மேலே 32 வாட் அளவில் காட்ட வேண்டும். 25-க்குக் கீழே போனால் உள்ளே தண்ணீர்தான்.

மேல் கனெக்டரைப் பிரித்துப் பாருங்கள். கேபிளின் உறைக்குள் இருக்கும் பின்னல் செம்பு கறுத்திருக்கும். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோலப் பின்னல் தண்ணீரை இழுத்துக்கொண்டே போகும், ஒரு சாண் வெட்டிப் புதுக் கனெக்டர் போட்டால் தீராது. முழுக் கேபிளையும் மாற்றுங்கள். அரை அங்குல நெளிசெம்புக் கேபிள் போட்டால் அதே 30 மீட்டரில் 0.7 டெசிபல்தான் இழப்பு; மேலே 43 வாட் கிடைக்கும்.

கனெக்டர்மேல் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப், அதற்கு மேல் பிவிசி டேப். கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள், அப்போதுதான் ஓடு வேய்ந்ததுபோல மடிப்புகள் தண்ணீரை வழியவிடும். மேலிருந்து சுற்றினால் ஒவ்வொரு மடிப்பும் ஒரு கிண்ணம். கேபிள் அறைக்குள் நுழையும் இடத்தில் கீழ்நோக்கி ஒரு வளைவு விடுங்கள். பாம்பன் பக்கம் போலக் கடலோர நிலையங்கள் உப்புக்காற்றுக்காகவே ஆண்டுக்கு ஒருமுறை இந்தக் கட்டைப் பிரித்துப் பார்ப்பது நல்லது.

ஒலிப்பெட்டி:
கரகரப்புக்கும் கேபிளுக்கும் சம்பந்தமில்லை. ப்ரீ-எம்பசிஸ் (ஒலிபரப்பும் முன் உச்ச ஒலிகளைத் தூக்கிவிடும் அமைப்பு) இரண்டு இடத்தில் ஓடுகிறதா பாருங்கள், ஆடியோ பிராசசரில் ஒன்று, டிரான்ஸ்மிட்டருக்குள் இன்னொன்று. 50 மைக்ரோசெகண்ட் அமைப்பே 10 கிலோஹெர்ட்ஸில் சுமார் 10 டெசிபல் தூக்கும். இரண்டு தடவை தூக்கினால் ச, ஷ எல்லாம் 75 கிலோஹெர்ட்ஸ் டீவியேஷனை (ஒலிக்கேற்ப அலைவரிசை ஆடலாம் என்ற வரம்பை) தாண்டி ரேடியோவில் உடையும். ஒன்றை அணையுங்கள். மிச்சமிருப்பது 50-தானா என்றும் பாருங்கள். அமெரிக்கச் சந்தைக்கான பெட்டிகள் 75-இல் வரும், குரல் கீச்சிடும்.

இன்னொன்று, ஸ்டீரியோவை நிறுத்துங்கள். ஓரத்தில் இருப்பவருக்கு ஸ்டீரியோ இரைச்சல் மோனோவைவிட ஏறத்தாழ 20 டெசிபல் கூடுதல். விவசாயமும் மருத்துவரும் பேசும் நிலையத்துக்கு ஸ்டீரியோ எதற்கு? ரேடியோவுக்கு ஸ்டீரியோ என்று சொல்லும் 19 கிலோஹெர்ட்ஸ் பைலட் சிக்னலை அணைத்தால் காசு செலவில்லாமல் எல்லை விரியும்.

அலைவரிசை:
சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். சமுதாய வானொலிக்கு ஈஆர்பி (ஆன்டெனா ஆதாயமும் சேர்த்துக் கணக்கிடும் பவர்) உச்சவரம்பு பொதுவாக 100 வாட். ஆன்டெனா தரையிலிருந்து 15 மீட்டருக்குக் குறையாமல், 30 மீட்டருக்கு மிகாமல். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு டைபோல் வைத்தால் சுமார் 3 டெசிபல் ஆதாயம். 43 வாட் 86 ஆகிவிடும். இருக்கிற 50 வாட் பெட்டியே வரம்பை நெருங்கிவிடுகிறது. 100 வாட் பெட்டியோடு இதைச் சேர்த்தால் வரம்பு மீறல்.

உயரம் பவரைவிட வலிமை. உயரத்தை இரட்டித்தால் தூரத்துக் கிராமத்தில் 6 டெசிபல் கிடைக்கும், பவரை நான்கு மடங்காக்கியதற்குச் சமம். 22-ஐ 30 ஆக்கினாலே 2.7 டெசிபல். ஆனால் உயரமோ ஆன்டெனாவோ உரிமத்தில் உள்ளதிலிருந்து மாறினால் டபிள்யூபிசி (அலைவரிசை ஒதுக்கும் மத்திய அரசுப் பிரிவு) அனுமதி முன்கூட்டியே வேண்டும்.

அதிகாலையில் மட்டும் வேறு குரல் குறுக்கே வந்தால் பதற வேண்டாம். சென்னையின் அண்ணா எப்எம், பாம்பனின் கடல் ஓசை என்று பல நிலையங்கள் 90.4-இல்தான் இருக்கின்றன. வளிமண்டலம் அடுக்கடுக்காக நிற்கும் நேரங்களில் தொலைவிலிருப்பது எட்டிப் பார்க்கும், வெயில் ஏறினால் போய்விடும்.

மொட்டைமாடி:
நன்றி. ப்ரீ-எம்பசிஸ் இரண்டிலும் ஆன் ஆகத்தான் இருக்கிறது. கேபிள் மாற்றும்போதே கேட்டுவிடுகிறேன்: டைபோல் கம்பத்திலிருந்து 40 செ.மீ.தான் தள்ளியிருக்கிறது. பரவாயில்லையா?

கேபிள்பித்தன்:
போதாது. 90.4-க்குக் கால் அலை 83 செ.மீ.; அந்த அளவுக்காவது தள்ளுங்கள். கிராமங்கள் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் டைபோல் இருக்கட்டும். கேபிள் டைபோலை ஒட்டித் தொங்காமல் குறுக்குக் குழாய் வழியாகக் கம்பத்துக்கு வந்து இறங்க வேண்டும். மாற்றியபின் திரும்பும் பவரை மறுபடி பாருங்கள், 2 வாட்டுக்குள் இருந்தால் சரி. கம்பத்தில் ஏறுவதற்கு முன் டிரான்ஸ்மிட்டரின் பவர் கார்டைக் கழற்றி, ஏறுபவரே கையோடு எடுத்துப் போகட்டும். கீழே யாராவது "நிகழ்ச்சி நேரமாகிவிட்டது" என்று சுவிட்சைத் தட்டிவிடுவார்கள்.