சிட்னி சுற்றிப் பார்க்கப் போகிறோம்: போனவர்களும் அங்கே இருப்பவர்களும் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

காவிரிக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். மார்ச் கடைசியில் அப்பா, அம்மா, மனைவி, ஏழு வயதுப் பையனோடு சிட்னி போகிறோம். விசா வந்துவிட்டது, டிக்கெட்டும் போட்டாயிற்று. அப்பாவுக்கு மூட்டுவலி. சமதரையில் மெதுவாக நடப்பார், படி என்றால் தயங்குவார். அம்மா சுத்த சைவம். ஏஜென்ட் அனுப்பிய அட்டவணையில் முதல் நாளே ஆப்ரா ஹவுஸ், மிருகக்காட்சி சாலை, மேன்லி, பாண்டை கடற்கரைகள் எல்லாம் இருக்கிறது. இது வயதானவர்களுக்கு ஒத்துவருமா? இடங்களின் பட்டியல் நெட்டில் நிறையவே கிடைக்கிறது. நீங்கள் உங்கள் வீட்டாரைக் கூட்டிப்போனபோது என்ன நடந்தது என்று எழுதினால் எனக்கு அதுதான் உதவும்.

பரமட்டாக்காரன்:

தம்பி, அந்த அட்டவணையைத் தூக்கி ஓரமாக வையுங்கள். நான் இங்கே குடியிருப்பவன். ஊரிலிருந்து யார் வந்தாலும் சுற்றிக் காட்டுவது என் பொறுப்பு, அந்த உரிமையில் சொல்கிறேன். சிட்னி துறைமுகத்தைச் சுற்றி வளைந்து வளைந்து கிடக்கிற ஊர். மேப்பில் மேன்லியும் பாண்டையும் பக்கத்தில் இருப்பதுபோலத் தெரியும். நடுவில் துறைமுகத்தின் வாயே இருக்கிறது. ரோட்டில் போனால் நகரத்துக்குள் வந்து பாலத்தையோ சுரங்கத்தையோ கடந்துதான் மறுகரைக்குப் போகவேண்டும். ஒரு நாளைக்கு ஒரு திசை என்று வைத்துக்கொள்ளுங்கள், முடிந்த இடத்துக்கெல்லாம் படகில் போங்கள். அப்பாவின் முழங்காலுக்கும் அதுதான் நல்லது.

என் அப்பா நெடுஞ்சாலைத் துறையில் பாலங்கள் கட்டி ஓய்வு பெற்றவர். அவர் வந்தபோது ஆப்ரா ஹவுஸைத்தான் முதலில் காட்ட நினைத்தேன். சர்க்குலர் கீயில் ரயிலைவிட்டு இறங்கியதும் அவர் திரும்பி நின்றது ஹார்பர் பிரிட்ஜ் பக்கம். "முதல்ல அதைப் பார்த்துட்டு வந்துடலாம்" என்றார். கரையோரமாகவே தி ராக்ஸ் என்ற பழைய பகுதி வழியாக டாஸ் பாயின்ட் பூங்காவுக்கு நடந்தோம். அங்கே வளைவு தரையைத் தொடுகிற இடத்தில் பிரம்மாண்டமான இரும்பு மூட்டு ஒன்று இருக்கிறது. இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, மொத்தப் பாரமும் அந்த நாலு மூட்டில்தான் இறங்குகிறது. படம் எடுக்க வருகிறவர்கள் யாரும் அதைக் கவனிப்பதில்லை. அப்பா அதன் எதிரில் நின்று, "அந்தக் கல் கோபுரம் நாலும் வெறும் அழகுக்குடா, ஒரு பாரமும் தாங்கலை" என்றார். உண்மைதான். இரண்டு கரையிலிருந்தும் பாதிப் பாதியாக வளைவைக் கட்டிக்கொண்டு வந்து, பின்னால் கம்பிவடங்களால் இழுத்துப் பிடித்து, 1930 ஆகஸ்டில் நடுவானில் சேர்த்திருக்கிறார்கள். பாலம் திறந்தது 1932 மார்ச் 19. வளைவின் நீளம் 503 மீட்டர். அடித்த தறையாணி (ரிவெட்) சுமார் 60 லட்சம். வெயிலில் இரும்பு விரிந்து வளைவின் உச்சி 18 சென்டிமீட்டர் வரை மேலே எழும் என்று பலகையில் படித்ததும், அதே கணக்கைத் தன் காலத்துப் பாலங்களுக்குப் போட்ட கதையை அவர் ஆரம்பித்துவிட்டார். பக்கத்தில் நாயோடு வந்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் காதுகொடுத்துக் கேட்டு, தன் தாத்தா இந்தப் பாலத்தில் தறையாணி அடித்தவர் என்று சொன்னார். அப்பாவின் இங்கிலீஷ் ஆபீஸ் இங்கிலீஷ், அவருடையது ஆஸ்திரேலிய இங்கிலீஷ். ஆனாலும் இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் பேசினார்கள். அன்றைக்கு வேறெங்கும் போகவில்லை, போகத் தேவையும் இருக்கவில்லை.

பாலத்தின் மேல் கிழக்குப் பக்கம் நடைபாதை, காசு கிடையாது. இரண்டு முனையிலும் லிஃப்ட் இருப்பதால் அப்பா படி ஏற வேண்டாம். முழு தூரமும் நடக்க முடியாவிட்டால் வின்யார்டில் ரயில் ஏறி மில்சன்ஸ் பாயின்டில் இறங்குங்கள். ரயிலே பாலத்தைக் கடக்கும். திரும்பி வரும்போது அங்கிருந்து படகு பிடித்தால் பாலத்துக்கு அடியிலும் போய் வந்துவிடலாம்.

ஆப்ரா ஹவுஸை மறுநாள் காலை வெயில் ஏறுமுன் பார்த்தோம். தூரத்தில் வெள்ளை வெளேர் என்று தெரிகிற கூரை பக்கத்தில் போனால் இரண்டு நிறம்: பளபளக்கிற வெள்ளை ஓடு, மங்கலான பால் நிற ஓடு. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஓடுகள், எல்லாம் ஸ்வீடனில் செய்தவை. கூரை கீழே இறங்கி வரும் இடத்தில் பையனைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இதை வடிவமைத்த டென்மார்க்காரர் யோர்ன் உட்சான் அரசாங்கத்தோடு முட்டிக்கொண்டு 1966இல் ஊரைவிட்டே போனார். 1973இல் ராணி வந்து திறந்துவைத்தார். உட்சான் 2008இல் இறக்கும்வரை திரும்பி வந்து தன் கட்டடத்தைப் பார்க்கவே இல்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கிறது.

இனி செலவு. ஏர்போர்ட் ரயில் நிலையத்துக்கு டிக்கெட்டுக்கு மேல் தனிக் கட்டணம் வாங்குவார்கள், அதுவும் ஆளுக்கு ஆள். நீங்கள் ஐந்து பேர், பெட்டிகளும் இருக்கும். பெரிய டாக்ஸிக்கு என்ன ஆகும் என்று ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ரயில் ஏறுங்கள். ரயில், பஸ், படகு எல்லாவற்றுக்கும் கிரெடிட் கார்டையே தட்டலாம். ஆனால் ஒருவருக்கு ஒரு கார்டுதான், ஏறும்போது தட்டிய அதே கார்டை இறங்கும்போதும் தட்டவேண்டும். பையனுக்குச் சிறுவர் ஓப்பல் கார்டு (இங்குள்ள பயண அட்டை) தனியாக வாங்குங்கள். ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் பிடிக்கமாட்டார்கள் என்று உச்சவரம்பு உண்டு, வெள்ளி, சனி, ஞாயிறுகளில் அது இன்னும் குறைவு. மேன்லி படகு, புளூ மவுன்டன்ஸ் ரயில் போன்ற நீண்ட பயணங்களை அந்த நாட்களில் வைப்பது லாபம்.

மேன்லி படகு அரை மணி நேரம். நடுவே துறைமுகத்தின் வாய்க்கு நேராக வரும்போது பெருங்கடலின் அலை உள்ளே நுழைந்து படகு நன்றாக ஆடும். அம்மாவை அப்போது உள்ளே உட்காரச் சொல்லுங்கள். கரையில் பையன் கையில் சிப்ஸ் வாங்கிக் கொடுத்தால் கூடவே நில்லுங்கள், கடற்காகம் பாய்ந்து பிடுங்கும்.

மதுரை மல்லி:

அண்ணா எல்லாம் சொல்லிட்டார், நான் ஏர்போர்ட் விஷயம் மட்டும் சொல்றேன். பிள்ளைகளைப் பார்க்க வர்ற அம்மாக்கள் கட்டாயம் படிக்கணும். என் அம்மா வந்தப்போ பெட்டி நிறைய முறுக்கு, வடகம், நார்த்தங்காய், இட்லிப்பொடி, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, போதாததுக்கு என் தோட்டத்துக்குன்னு அவரை விதையும் கட்டிக்கிட்டு வந்தாங்க. கிளம்புறதுக்கு முன்னாடியே போன்ல படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தேன்: விமானத்துல தர்ற அட்டையில சாப்பாடு இருக்கான்னு கேட்டா "ஆமா"ன்னு டிக் பண்ணுங்க, ஒளிக்காதீங்கன்னு. அம்மா அப்படியே செஞ்சாங்க. தனி வரிசையில நிறுத்தி, ஒரு பெண் அதிகாரி ஒவ்வொண்ணா எடுத்து, இது என்ன, எதுல செஞ்சதுன்னு கேட்டிருக்காங்க. அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. அதனால தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் நான் எழுதிக்கொடுத்திருந்த பட்டியலை நீட்டியிருக்காங்க. அந்த அதிகாரி பட்டியலைப் பார்த்து டிக் அடிச்சுக்கிட்டே வந்து, விதையையும் பால்கோவாவையும் மட்டும் எடுத்துக்கிட்டு மீதியைத் திருப்பி அடுக்க உதவியும் செஞ்சாங்களாம். அபராதம் ஒரு காசு இல்லை. அதையே சொல்லாம கொண்டுபோய் மாட்டினா அபராதம் ஆயிரக்கணக்கான டாலர் வரைக்கும் போகும், விசாவுக்கே சிக்கல் வரலாம். கறிவேப்பிலை கொண்டுவராதீங்க, இங்கேயே கிடைக்குது. அந்த மாதிரி பட்டியல் ஒண்ணு உங்க அம்மா கையிலயும் கொடுத்துவிடுங்க, அவங்களுக்கே ஒரு தைரியம்.

புளூ மவுன்டன்ஸ் போற நாளை மட்டும் முன்கூட்டியே முடிவு பண்ணாதீங்க. சென்ட்ரல் ஸ்டேஷன்லேருந்து அந்த மலையில இருக்கிற கட்டூம்பா ஊருக்கு ரயில்ல ரெண்டு மணி நேரம். உயரம் கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர், சிட்னியில வெயில் அடிச்சாலும் அங்கே ஸ்வெட்டர் வேணும். நாங்க போனப்போ பாறைகளைப் பார்க்கிற எக்கோ பாயின்ட் முழுக்க மூடுபனி, எதிர்ல நின்ன அப்பாவையே தெரியலை. மூணு சகோதரிப் பாறை எங்கேன்னு கேட்டா எல்லாரும் வெள்ளைப் பனியைப் பார்த்துக் கையைக் காட்டுறாங்க. பக்கத்துல இருந்த ஒரு சீனக் குடும்பம் ஃபிளாஸ்க்கைத் திறந்து எங்களுக்கும் சேர்த்து வெந்நீர் ஊத்திக் கொடுத்தாங்க, நாங்க முறுக்கு கொடுத்தோம். அப்படியே பேச்சும் சிரிப்புமா நின்னுட்டிருக்கும்போது காத்து அடிச்சு பனி கிழிஞ்சு, பாறை மூணும் ஒண்ணு ஒண்ணா வெளியே வந்தது. அந்தக் குடும்பத்துப் பாட்டியும் என் அம்மாவும் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. அதனால பனின்னு பார்த்ததும் திரும்பிடாதீங்க, கொஞ்சம் காத்திருங்க. அதோட இன்னொண்ணு: சனி ஞாயிறுல தண்டவாள வேலைன்னு சில சமயம் ரயிலுக்குப் பதில் பஸ் விடுவாங்க. முந்தின ராத்திரியே பார்த்துக்கோங்க.

நல்லூரான்:

தம்பி, அம்மா சைவம் எண்டால் கவலையே வேண்டாம். நாங்கள் வென்ட்வர்த்வில் பக்கம் இருக்கிறனாங்கள். பெண்டில் ஹில், ஹோம்புஷ் பக்கம் எங்கட ஆக்களின்ர கடையள் நிறைய. தோசை, இடியப்பம், சம்பல் எல்லாம் கிடைக்கும். ஹரிஸ் பார்க்கில விக்ரம் வீதி முழுக்க இந்தியச் சாப்பாட்டுக் கடையள். மேய்ஸ் ஹில்லில முருகன் கோயில் இருக்கு. ஊரைவிட்டு வந்த சனம் சேர்ந்து கட்டின கோயில், 1999இல கும்பாபிஷேகம் நடந்தது. என்ர அம்மா முதல் முறை இங்க வந்து இறங்கின கிழமை ஒருத்தரோடும் கதைக்கேல்லை, சாப்பிடவும் இல்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனன். தேவாரம் பாடிக்கொண்டிருந்த ஆக்களுக்குப் பக்கத்தில போய் இருந்து தானும் பாடத் தொடங்கினவ. பிறகு அங்க ஒரு அம்மா ஊரைக் கேட்டு, பள்ளிக்கூடத்தைக் கேட்டு, கடைசியில ரெண்டு பேரும் ஒரே பள்ளியில படிச்ச ஆக்கள் எண்டு தெரிஞ்சுது. உங்கட அம்மாவையும் முதல் ரெண்டு நாளுக்குள்ள ஒருக்கா கூட்டிக்கொண்டு போங்கோ, பிறகு ஊர் பாக்கிறது சுகம்.

கார் எடுக்கிறியள் எண்டால் ஒரு நாளைத் தெற்குப் பக்கத்துக்கு ஒதுக்குங்கோ. ஹெலன்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோயில் நகரத்திலயிருந்து ஒரு மணித்தியாலம் வரும். காட்டுக்குள்ள ராஜகோபுரம் திடீரெண்டு தெரியும். சனி ஞாயிறில கோயில் கன்ரீனில புளியோதரை, தோசை கிடைக்கும். அங்கயிருந்து கொஞ்ச நேரத்தில பால்ட் ஹில், மேல நிண்டு பாத்தால் கடற்கரை முழுக்கத் தெரியும், பட்டம்போல இறக்கை கட்டின ஆக்கள் மலையிலயிருந்து பறப்பினம். லோரன்ஸ் ஹார்கிரேவ் எண்ட ஆள் 1894இல பெட்டிப் பட்டங்களைக் கட்டித் தரையிலயிருந்து எழும்பினது கீழ இருக்கிற ஸ்டான்வெல் பார்க் கரையிலதான். பையனுக்கு அதைச் சொல்லிக் காட்டுங்கோ. இன்னும் கீழ போனால் ஸீ கிளிஃப் பாலம், கடலுக்கு மேலால 665 மீற்றர். காரை நிப்பாட்டிப்போட்டு அப்பாவோட கொஞ்சத் தூரம் நடக்கலாம், படி இல்லை. டோல் றோட்டுகளில காசு வாங்க ஆள் இல்லை, எல்லாம் மின்னணு. கார் எடுக்கேக்கையே அதைப் பற்றிக் கேட்டு வையுங்கோ.

ஈப்போ மகள்:

நான் மலேசியா. அம்மாவோடு போய் வந்தேன். பாண்டையிலிருந்து கூஜீ வரை கடலோரமாக ஆறு கிலோமீட்டர் நடைபாதை இருக்கிறது, மேடு பள்ளமும் படிகளும் நிறைய. உங்கள் அப்பாவுக்கு அது வேண்டாம். நேராகப் பஸ்ஸில் கூஜீ போய்விடுங்கள். கரையின் தென்பக்கம் பாறையை ஒட்டி மக்கைவர்ஸ் பெண்கள் குளம் என்று ஒன்று இருக்கிறது. கடல் நீர்தான், பாறைக்குள் தேங்கி நிற்கும். பெண்களும் சிறு பிள்ளைகளும் மட்டும்தான் உள்ளே போகலாம், பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே அப்படித்தான். நுழைவுக்குச் சில்லறைக் காசு போதும். இறங்குவதற்குக் கொஞ்சம் படி உண்டு.

என் அம்மா வாழ்நாள் முழுக்கக் கடற்கரையில் புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்காமல் நின்றவர். அங்கே வயதான பெண்கள், முக்காடு போட்ட பெண்கள், பிள்ளை பெற்ற தழும்போடு இளம்பெண்கள் எல்லோரும் அவரவர் பாட்டுக்குக் குளிப்பதைப் பார்த்தார். ஒரு கிரேக்கப் பாட்டி தண்ணீரிலிருந்தபடியே கை நீட்டி வா வா என்று கூப்பிட்டார். அம்மா சல்வாரோடு இறங்கிவிட்டார். கழுத்தளவு நீரில் நின்று என்னைப் பார்த்த அந்த முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை. அந்தப் பாட்டியே அம்மாவின் இடுப்பைத் தாங்கி மிதக்கக் கற்றுக்கொடுத்தார். மார்ச்சில் கடல் நீர் இன்னும் கதகதப்பாக இருக்கும், உங்கள் அம்மாவையும் மனைவியையும் அவசியம் அனுப்புங்கள்.

காவிரிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் குளம் கதையைப் படித்துக் காட்டினேன், பதில் சொல்லவில்லை, ஆனால் சல்வார் இருக்கிறதா என்று மனைவியிடம் கேட்டிருக்கிறார்! பையன் பாண்டையில் குளித்தே தீருவேன் என்கிறான். விடலாமா?

அலைக்காவலன்:

விடலாம், கொடிக்கு நடுவில் மட்டும். சிவப்பு மஞ்சள் கொடி இரண்டு நட்டிருப்பார்கள். அதற்கு வெளியே முழங்கால் அளவுகூட வேண்டாம். நான் ஒரு கடற்கரை மீட்புச் சங்கத்தில் தன்னார்வலன். கோடையில் ஞாயிற்றுக்கிழமை காவல் நிற்கும்போது நம்மவர்களைப் பார்த்தாலே என் வயிறு கலங்கும். காரணம் சொல்கிறேன். நம் ஊரில் அலை பெரிதாக அடித்தால் பயப்படுவோம், அமைதியாக இருந்தால் இறங்குவோம். இங்கே அலைகள் வெள்ளையாக உடைகிற இடங்களுக்கு நடுவில் கருநீலமாக, அலையே இல்லாமல் ஒரு பாதை தெரிந்தால் அதுதான் ஆபத்து. கரைக்கு வந்த நீர் கடலுக்குத் திரும்பி ஓடுகிற வழி அது. போன கோடையில் ஒரு ஆந்திரக் குடும்பம், தாத்தா, பாட்டி, இரண்டு பிள்ளைகள், சரியாக அந்த இடத்தில் கைகோத்து நின்றார்கள். விசிலடித்து ஓடிப்போய்ச் சொன்னேன். தாத்தாவுக்குக் கோபம், இங்கே அலையே இல்லையே என்றார். ஒரு தேங்காய் மட்டை மிதந்து வந்திருந்தது, அதை எடுத்து அவர் முன்னால் போட்டேன். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நேராக உள்ளே போயிற்று. அதன்பின் அவரே பிள்ளைகளைக் கொடிப் பக்கம் கூட்டிப்போனார்.

1938 பிப்ரவரி 6 அன்று இதே பாண்டையில் பெரிய அலைகள் அடுத்தடுத்து வந்து நூற்றுக்கணக்கானவர்களை இழுத்துப்போயின. காவலர்கள் ஏறக்குறைய 250 பேரை மீட்டார்கள், ஐந்து பேர் இறந்தார்கள். பாண்டையின் தென்முனை இன்றும் இழுப்பு அதிகமுள்ள இடம். ஒருவேளை மாட்டிக்கொண்டால் எதிர்நீச்சல் போடக்கூடாது. அந்த இழுப்பு வெளியே கொண்டுபோகுமே தவிர அடியில் அமுக்காது. மிதந்துகொண்டு ஒரு கையை உயர்த்துங்கள், காவலர் வருவார். பையனுக்கு இதை விமானத்திலேயே சொல்லிக்கொடுங்கள். பிரான்டி போன்ற இடங்களில் கடலோரக் குளம் உண்டு, ஏழு வயதுக்கு அதுவே நிறைய விளையாட்டு. தொப்பியும் சன்ஸ்க்ரீனும் மறக்காதீர்கள், கறுத்த தோலுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைக்க வேண்டாம்.

பரமட்டாக்காரன்:

தம்பி, ஒன்று விட்டுப்போயிற்று. திரும்பும் விமானம் ஏப்ரல் முதல் ஞாயிறு என்றால் கவனம். அன்று அதிகாலை மூன்று மணிக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். கைபேசி தானாக மாறும், அப்பாவின் கைக்கடிகாரம் மாறாது.