வீட்டில் வேலை செய்யும் இருவர் கதைக்கிறேல்லை, வழி சொல்லுங்கோ

கிளிநொச்சியில் படுக்கையில் இருக்கிற அம்மாவைப் பார்க்க ரெண்டு பேர்: பகலில் சமையல் அக்கா, இரவில் பராமரிக்கிற தங்கச்சி. பொங்கலுக்குப் பிறகு முகம் கொடுத்துக் கதைக்கிறேல்லை. சம்பளப் பிரச்சினை இல்லை. வீட்டாக்கள் சொல்லுறதெல்லாம் பழைய ஆளான அக்கா வழியாகப் போகுது, தங்கச்சிக்கு அது அதட்டலாகப் படுது. காலை 6 மணிக்கு ஆள் மாறும்போதுதான் பிழைக்குது: குடுத்தாச்சோ எண்டு கேளாமல் சீனி வருத்தத்துக்குக் குடுக்கிற மெட்போமின் குளுசை ரெண்டாந்தரமும் குடுபட்டிருக்கு.

கொப்பி வைச்சம்: நேரம், குளுசை, சீனி அளவு, கையெழுத்து. இப்ப கையெழுத்து மட்டும்தான் விழுது. கிழமைக் குளுசைப் பெட்டியால் பிழை குறைஞ்சது, மனம் மாறேல்லை. மாறி மாறி ஞாயிறு லீவு, ஒரே திகதியில் சம்பளம், அதுகளும் செய்தாச்சு. ரெண்டு பேரும் அம்மாவில் நல்ல பட்சம், ஒருத்தரையும் விடேலாது.

ஆள் மாறுற நேரம் வீட்டாள் ஒருத்தர் நிண்டு ரெண்டு பேரையும் கதைக்க வைக்கிறதோ, தனித்தனியாகச் சொல்லிவிடுறதோ, எது உங்களிட்டச் சரிவந்தது?