சனல் 19: கையில் போன் இருக்கும்போது ட்ரக்கில் சிபி ரேடியோ எதற்கு?

(ட்ரக் ஓட்டுநர்கள் எழுதியவை; ஒவ்வொன்றின் மேலும் எழுதியவரின் ஊர்.)

ஸ்காபரோ (ரொறன்ரோ – வின்னிபெக் ஓட்டம்)

ட்ரெய்லர் ட்ரக் ஓட்டுகிற ஏஇசட் லைசென்ஸ் எடுத்துவிட்டு வருகிற தம்பிமார் எல்லாரும் என்னிடம் கேட்கிற கேள்வி இது. "அண்ணை, போன் இருக்கு, மேப் இருக்கு, பிறகு எதுக்கு அந்தப் பழைய பெட்டி?" கேள்வியில் பிழை இல்லை. சிபி என்பது அக்கம்பக்கத்தில் ஓடுகிற எல்லாரும் ஒரே சனலில் கதைக்கிற குறுந்தூர ரேடியோ; ட்ரக்காரர் இருப்பது சனல் 19இல். கொம்பனி தருகிற புது ட்ரக்குகள் பலவற்றில் அது இல்லை. என் பதில் சுருக்கமானது. போனில் கதைக்க நம்பர் வேண்டும். எனக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் போகிறவரின் நம்பர் எனக்குத் தெரியாது. ஆனால் அந்த நிமிடத்தில் எனக்குத் தேவையான தகவல் அவரிடம்தான் இருக்கும்.

தெற்கு ஒன்டாரியோவின் 401 நெடுஞ்சாலையில் மட்டும் ஓடுகிறவர்களை நான் வற்புறுத்த மாட்டேன். சூ செயின்ட் மேரி தாண்டி 17ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே ஏறினால் கதை வேறு. வாவா, வைட் ரிவர், மரத்தன் என்று போகிற அந்தத் துண்டில் பெரும்பாலும் போக ஒரு வழி, வர ஒரு வழி. பாறையை வெட்டிப் போட்ட வளைவுகள், ரோட்டில் வந்து நிற்கிற மூஸ் மான், சுப்பீரியர் ஏரியிலிருந்து திடீரென்று அடிக்கிற பனி. பல இடங்களில் போனில் சிக்னல் அறவே கிடையாது. சுற்றிப்போகக் கிட்டத்தில் வேறு ரோடும் இல்லை. 2016 ஜனவரியில் அதே ரோட்டில் இன்னும் மேற்கே இருக்கிற நிபிகான் பாலத்தின் தளம் மேலே கிளம்பி ரோடு அடைபட்டபோது, கனடாவின் கிழக்கையும் மேற்கையும் இணைக்கிற தரைவழியே அறுந்துபோனது. அமெரிக்காவுக்குள் இறங்கிச் சுற்றுவதுதான் ஒரே வழியாக இருந்தது.

ஒரு ஜனவரி இரவு, வாவாவைத் தாண்டி மேற்கே போய்க்கொண்டிருந்தேன். பின்னால் முழு லோட். ரோட்டில் ஐஸ் இருப்பது கண்ணுக்குத் தெரியவில்லை. முன்னால் போகிற வாகனங்களின் சக்கரத்திலிருந்து தண்ணீர் தெறிப்பது நின்றுவிட்டது, அதை வைத்துத்தான் விளங்கியது. சனல் 19இல் வெறும் இரைச்சல். திடீரென்று ஒரு குரல்: "வெஸ்ட்பவுண்ட் ஆட்கள், வேகத்தைக் குறையுங்கோ. பாஸிங் லேன் முடிந்து வருகிற வளைவுக்கு அப்பால் நிற்கிறேன். ரெண்டு பக்கமும் அடைச்சுக்கொண்டு நிற்கிறேன்." கதைத்தது ஜாக்நைஃப் ஆன, அதாவது ட்ரெய்லர் மடங்கிக் குறுக்கே நின்ற, ட்ரக்கின் ஓட்டுநரேதான். எச்சரிக்கை முக்கோணங்களைத் தூக்கிக்கொண்டு இறங்குவதற்கு முன்னமே மைக்கை எடுத்திருக்கிறார்.

ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். ஐஸில் எஞ்சின் பிரேக் போட்டால் ட்ரைவ் சக்கரங்கள் வழுக்கும், ஆகவே அதை அணைத்துவிட்டு, பிரேக்கைத் தொட்டுத் தொட்டு இறக்கினேன். ஹசார்ட் லைட்டைப் போட்டுவிட்டு, அவர் சொன்னதை அப்படியே பின்னால் வருகிறவர்களுக்குச் சொன்னேன். இரண்டு பேர் "டென்-ஃபோர்" (விளங்கியது) என்றார்கள். அதில் ஒருவர் பிறகு சொன்னார், முதல் குரல் தனக்குக் கேட்கவேயில்லை என்று. சிபிக்கு இருக்கிற சக்தி வெறும் 4 வாட். மலைக்கு அந்தப்பக்கம் இருப்பவர் கதைத்தால் கேட்காது. நடுவில் ஒருவர் வாங்கிக் கொடுத்தால்தான் பின்னால் போகும். வளைவைத் திரும்பினேன். ஹெட்லைட் வெளிச்சத்தில் ரோட்டுக்குக் குறுக்கே, இந்தப் பாறையிலிருந்து அந்தத் தடுப்புவரை, ட்ரெய்லரின் சிவப்பு வெள்ளைப் பட்டி மின்னியது. நிற்பதற்கு எனக்கு இடம் போதுமானதாக இருந்தது. பின்னால் வந்தவர்களுக்கும்.

ஃப்ரெஸ்னோ, கலிபோர்னியா

அண்ணா சொன்ன நம்பர் விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. என் அனுபவம் வயோமிங்கில், ஐ-80இல். லாரமிக்கும் ராலின்ஸுக்கும் நடுவில் எல்க் மவுண்டன் பக்கம் குளிர்காலத்தில் ஓட்டியவர்களுக்கு அந்தக் காற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. காலி ட்ரெய்லரை அப்படியே படுக்க வைத்துவிடும்.

அன்றைக்குக் காற்று இல்லை, குளிர்தான். ராத்திரி முழுக்க பார்க்கிங்கில் நின்றுவிட்டு விடியும் முன் கிளம்பினேன். கொஞ்ச தூரத்தில் சேனலில் ஒருத்தர், "கிழக்கே போற நீல ட்ரக், வெள்ளை ரீஃபர், காதுல விழுதா?" என்றார். நான்தான் (ரீஃபர் என்றால் குளிரூட்டிய ட்ரெய்லர்). "உங்க ட்ரெய்லர்ல இடது பக்கம் பின் ஆக்ஸில் சக்கரம் சுத்தல. இழுபட்டுட்டு வருது." இறங்கிப் பார்த்தால் பிரேக் ஷூ ட்ரம்மோடு சேர்ந்து உறைந்து கிடக்கிறது. சக்கரம் சுற்றாமல் தேய்ந்து, டயரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தட்டை. ரப்பர் வாடை மூக்கைத் துளைத்தது. ரோடு முழுக்க ஐஸ் என்பதால் கேபினுக்குள் இழுப்பே தெரியவில்லை. சுத்தியலால் ட்ரம்மைத் தட்டித் தட்டித்தான் விடுவித்தேன். இன்னும் ஐம்பது மைல் போயிருந்தால் டயர் வெடித்திருக்கும். காய்ந்த ரோடு வந்திருந்தால் தீப்பிடித்திருக்கவும் கூடும்.

சொன்னவர் யார் என்று இன்றுவரை தெரியாது. நன்றி சொன்னதும், "பத்திரமா போங்க" என்று ஒரு வார்த்தை சொன்னார், அவ்வளவுதான்.

கால்கரி (கணவரோடு டீம் ஓட்டம்)

நல்லதையே எல்லாரும் எழுதுகிறீர்கள். மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். சனல் 19இல் ஒரு பெண் குரல் கேட்டால் போதும், சில பேர் விடமாட்டார்கள். எந்த ட்ரக், எங்கே நிறுத்துவாய் என்று ஆரம்பித்து எங்கெங்கோ போகும். எங்கள் உச்சரிப்பைக் கேட்டுவிட்டு, உன் நாட்டுக்குப் போ என்றவர்களும் உண்டு. பெரிய ட்ரக் ஸ்டாப்புகளின் அருகில் இது கூட. நகரம் நெருங்கினால் நான் சத்தத்தைக் குறைத்துவிடுவேன்.

ஆனால் அணைத்து வைப்பதில்லை. கேட்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. முன்னால் விபத்து, எடை பார்க்கும் நிலையம் திறந்திருக்கிறது, அகல லோட் ஒன்று வருகிறது, ஓரமாகுங்கள் என்பதெல்லாம் காதில் விழுந்துகொண்டே இருக்கும். சொல்ல வேண்டிய விஷயம் என்றால் நானும் மைக்கை எடுப்பேன். ஒரு நாள் மெடிசின் ஹற் தாண்டி இரவில் நடு லேனில் டயரிலிருந்து உரிந்த முழு ட்ரெட் ஒன்று கிடந்தது. அமெரிக்கக்காரர் அதை அலிகேட்டர் என்பார்கள். ஒரு கார் ஏறினால் அடிப்பகுதி போய்விடும். ரோடு எண், திசை, எந்த லேன் என்று மட்டும் சொல்லிவிட்டு மைக்கை வைத்துவிட்டேன். இந்த விஷயத்தில் புதிதாக வருகிற பெண்களுக்கு நான் சொல்வது: பெயர், கொம்பனி, நிறுத்தப்போகிற இடம் மூன்றையும் சனலில் சொல்லாதீர்கள்.

வின்ட்சர்

ஸ்காபரோ அண்ணை 401ஐ அவ்வளவு இலேசாக விட்டுவிட்டது எனக்குச் சம்மதமில்லை. 1999 செப்டம்பர் 3ஆம் தேதி காலை, வின்ட்சருக்குக் கிட்ட இதே 401இல் பனிமூட்டத்துக்குள் 87 வாகனங்கள் ஒன்றோடொன்று மோதின. 8 பேர் இறந்தார்கள். போன் சிக்னல் இருக்கிற ரோடுதான். மேப்பில் சிவப்புக் கோடு வருவதற்கு முதலில் கொஞ்சம் பேர் நின்றாக வேண்டும். மூட்டத்துக்குள் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் எல்லாம் நடந்துவிடும். ஒன்டாரியோவில் உள்ள லண்டன் பக்கம் ஹியூரான் ஏரியிலிருந்து வருகிற ஸ்னோ ஸ்குவால் என்ற திடீர்ப் பனிவீச்சும் அப்படித்தான், வெயிலுக்குள்ளிருந்து வெள்ளைச் சுவருக்குள் நுழைவது போல. முன்னால் நுழைந்தவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

மிசிசாகா (புதியவர்)

வாசித்தபின் வாங்கலாம் என்று முடிவு. எதைப் பார்த்து வாங்குவது? ஓட்டும்போது மைக் பிடித்தால் டிக்கெட் வருமா?

ஸ்காபரோ

தம்பி, பெட்டியைவிட ஆன்டெனாவில் கவனம் வை. எந்த மாடல் வாங்கினாலும், ட்ரக்காரர் கதைக்கிற ஏஎம் முறையில் சட்டப்படி வருகிற சக்தி அதே 4 வாட்தான். கோப்ரா, யூனிடென் இரண்டிலும் நல்ல பெட்டிகள் உண்டு. ஆன்டெனாவைப் பூட்டியதும் அது பெட்டியோடு சரியாகப் பொருந்துகிறதா என்று காட்டுகிற எஸ்டபிள்யூஆர் மீட்டர் வைத்துச் சனல் 1, 19, 40 மூன்றிலும் பார்க்க வேண்டும். 1.5க்குக் கீழே இருந்தால் நல்லது, 2 வரை சமாளிக்கலாம். 3ஐத் தாண்டினால் மைக்கை அமர்த்தவே அமர்த்தாதே, உள்ளே இருக்கிற ட்ரான்சிஸ்டர் போய்விடும். கூடக் காட்டுவதற்குப் பெரும்பாலும் காரணம் எர்த் சரியில்லாததுதான். கண்ணாடித் தாங்கியில் பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் உலோகம் உலோகத்தோடு படும்படி இறுக்கினால் பாதிப் பிரச்சினை தீரும்.

அப்புறம் ஸ்குவெல்ச், இரைச்சலை அடக்குகிற திருகி. இரைச்சல் எரிச்சலாக இருக்கிறது என்று அதை இறுக்கித் திருப்பிவிட்டால் தூரத்துக் குரல்களும் போய்விடும். இரைச்சல் நிற்கிற இடத்திலேயே விடு. சூரியப் புள்ளிகள் கூடுகிற வருடங்களில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் கதைப்பவர்கள் வானத்தில் பட்டுத் திரும்பி உன் சனலில் விழுவார்கள். பெட்டி பழுது என்று நினைத்துவிடாதே. 2021இல் அமெரிக்காவில் சிபிக்கு எஃப்எம் முறையையும் அனுமதித்தார்கள். புதுப் பெட்டிகளில் அது இருக்கும், குரலும் துப்பரவாகக் கேட்கும். ஆனால் ரோட்டில் எல்லாரும் இன்னும் ஏஎம்மில்தான், நீயும் அதிலேயே வை. அவசர உதவிக்குச் சனல் 9 ஒதுக்கியிருக்கிறது, ஆனால் ஆட்கள் இருப்பது 19இல்.

சட்டம்: அமெரிக்காவில் 2012இல் வந்த மத்திய விதி ட்ரக் ஓட்டுநர்கள் போனைக் கையில் பிடிப்பதைத் தடுக்கிறது, சிபி அதற்குள் வராது. கனடாவில் மாகாணத்துக்கு மாகாணம் வேறு. நீ ஓடுகிற மாகாணங்களின் விதியைப் பார்த்துவிட்டு, கொம்பனியிடமும் கேட்டுக்கொள்.

பிரின்ஸ் ஜோர்ஜ், பிரிட்டிஷ் கொலம்பியா

ஒன்றைச் சேர்க்கிறேன். மரம் ஏற்றுகிற காட்டு ரோடுகளுக்குச் சிபி உதவாது. இங்கே வேறு அலைவரிசையில் வேலை செய்கிற விஎச்எஃப் ரேடியோதான். ரோடு தொடங்குகிற இடத்தில் எந்தச் சனல் என்று பலகையில் போட்டிருப்பார்கள். சனலின் பெயர் ஆர்ஆர் என்று தொடங்கி ஒரு எண் வரும். ஒற்றை வாகன அகலம்தான், எதிரே முழு லோட் மரத்தோடு இறங்குகிற ட்ரக் உனக்காக நிற்க முடியாது. ஆகவே பலகையில் கேட்டிருக்கிற கிலோமீட்டர் கல் வரும்போதெல்லாம் ரோட்டின் பெயர், கல்லின் எண், ஏறுகிறாயா இறங்குகிறாயா, என்ன வாகனம் என்று சொல்ல வேண்டும். இறங்குகிறவர் தன் எண்ணைச் சொன்னதும், ஏறுகிறவர் அடுத்த ஒதுங்கிடத்தில் ஒதுங்கி நிற்பார். சிபி இருக்கிறதே என்ற தைரியத்தில் அந்த ரோடுகளில் ஏறாதீர்கள். அங்கே அதில் யாரும் இருக்க மாட்டார்கள்.