சிங்கப்பூர் சைம்ஸ்: ஹலசூரு தமிழ்க் குடும்பங்கள் குழு

ரேவதி: அடுத்த வாரம் சிங்கப்பூர் கிளம்பறோம். விக்டோரியா ஸ்ட்ரீட்ல பழைய கன்னியர் மடம், பள்ளிக்கூடம் இருக்காமே, சைம்ஸ்னு. இப்போ எல்லாம் சாப்பாட்டு ஹோட்டல்தான்ங்கிறாங்களே, போகலாமா?

கீதாக்கா: ஹோட்டல், பார் எல்லாம் இருக்கு. அதுக்காக விட்டுடாதே. சிட்டி ஹால் எம்ஆர்டி (மெட்ரோ) ஸ்டேஷன்ல இறங்கினா கொஞ்ச தூரம்தான் நடை. வளாகத்துக்குள்ள போக டிக்கெட் கிடையாது. ராத்திரி போனா சாப்பலோட (மடத்துத் தேவாலயம்) வர்ணக் கண்ணாடி உள்ளேருந்து கறுப்பாத்தான் தெரியும், பகல்ல போ.

மூர்த்தி சார்: சாப்பல் இப்போ கல்யாணம், விருந்துக்கு வாடகைக்குப் போகுதும்மா. விசேஷம்னா கதவைச் சாத்திடுவாங்க. சனி ஞாயிறு வேண்டாம். வார நாள்ல, அதுவும் போன் போட்டுக் கேட்டுட்டுப் போங்க.

ரேவதி: சரி சார். முக்கியமா எதைப் பாக்கணும்?

மூர்த்தி சார்: தூணோட உச்சியை. நம்ம கோயில்ல போதிகை வர்ற இடம். சாப்பல், தாழ்வாரம் எல்லாம் சேர்த்து 648 தூண் தலைப்பு, ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இல்லை. எல்லாம் வெப்ப நாட்டுச் செடி, பூ, பறவை. ரெண்டு பக்கத்துத் தூணை ஒப்பிட்டுப் பாருங்க, இலை மடிப்பு மாறியிருக்கும். பெரும்பாலானவங்க கோபுரத்தை மட்டும் போட்டோ எடுத்துட்டுக் கிளம்பிடறாங்க.

கீதாக்கா: கண்ணாடி பெல்ஜியத்துலேருந்து வந்தது. பசங்க இருந்தா கேட் ஆஃப் ஹோப் காட்டு, விக்டோரியா ஸ்ட்ரீட் பக்கம் சின்ன வாசல். வளர்க்க முடியாத பச்சைக் குழந்தைகளை அங்கேதான் விட்டுட்டுப் போவாங்க, கன்னியர் எடுத்து வளர்த்தாங்க.

ரேவதி: ஐயோ 😔 மொத்தமும் ஒரே காலத்துக் கட்டடமா?

மூர்த்தி சார்: இல்லம்மா. வளாகத்துக்குள்ள இருக்கிற கால்ட்வெல் ஹவுஸ் 1840-41, கோல்மன்னு ஒரு ஆர்க்கிடெக்ட் கட்டின வீடு. முன்னாடி அரைவட்டமா பிதுங்கி நிக்கும், அதை வச்சு அடையாளம் தெரியும். கன்னியர் வந்தது 1854. இப்போ இருக்கிற சாப்பல் 1904, நெய்ன்னு ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் வரைஞ்சது. பள்ளி 1983ல காலி பண்ணிடுச்சு. நடுவுல இருக்கிற பள்ளமான முற்றம் அதுக்கப்புறம் தோண்டினது, பழசுன்னு நினைச்சுடாதீங்க.

பிரபு: கோபுரம் போன்ல அடங்காது. போனைச் சாய்க்காதீங்க, கோபுரம் பின்னாடி விழற மாதிரி வரும். புல்வெளி ஓரம் வரைக்கும் பின்னால போய் போனை நேரா பிடிங்க.

ரேவதி: 👍 சாப்பல் பூட்டியிருந்தா?

மூர்த்தி சார்: தாழ்வாரத் தூணை நிதானமா பாருங்க, அதுக்குப் பூட்டு கிடையாது. அப்புறம் பிராஸ் பாசா ரோட்ல பழைய செயின்ட் ஜோசப் பள்ளி, அதோட வளைஞ்ச சிறகு ரெண்டும் அதே நெய்ன் போட்டதுதான். வெளியிலேருந்து பாத்தாலே போதும்.

கீதாக்கா: திரும்பும்போது செயின்ட் ஆண்ட்ரூஸ் கதீட்ரல், ஸ்டேஷன் பக்கத்துலயே. இது ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்துச் சபை. உள்சுவர்ல மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சு: கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறவச்ச தண்ணி. மணல் கிடையாது. காய்ஞ்சதும் கல்லால தேய்ச்சு மெருகு ஏத்தினாங்க. கட்டினது இந்தியாவுலேருந்து கொண்டுபோன கைதிங்க.

மூர்த்தி சார்: அந்த மாதிரிப் பூச்சு மேல சிமெண்ட் அடிச்சா ஈரம் வெளியேற வழியில்லாம உப்பு பூத்து உரிஞ்சு வந்துடும். பழைய கட்டடம் எதுக்குப் போனாலும் சுவரோட அடிப்பக்கத்தை ஒரு பார்வை பாருங்க, யார் எதைப் பூசினாங்கன்னு அங்கே தெரிஞ்சுடும்.

கீதாக்கா: ஞாயிறு காலைல ஆராதனை நடக்கும், அப்போ சுத்திப் பாக்கப் போயிடாதே ரேவதி. குடை எடுத்துக்கோ.