நியூமன் “முதல் பெண் நீதிபதி” இல்லை. இன்னும் எத்தனை முறை சொல்வது?

ஆவணக்கட்டு:
காலையிலிருந்து ஒரே படத்தை ஆளாளுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். “அமெரிக்க ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி பாலீன் நியூமன்” என்று கீழே எழுதியிருக்கிறது. கண்டுபிடிப்புகளுக்குத் தரும் காப்புரிமை பற்றிய மேல்முறையீடுகள் நாடு முழுவதிலிருந்தும் போகும் நீதிமன்றம் அது. தவறு. முதல் பெண் ஹெலன் நீஸ். 1980இல் சுங்க, காப்புரிமை மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஜனாதிபதி கார்ட்டர் அவரை நியமித்தார். 1982 அக்டோபர் 1 அன்று அந்த நீதிமன்றத்தையும், அரசிடம் பணம் கேட்டுப் போடும் வழக்குகளுக்கான கோர்ட் ஆஃப் கிளெய்ம்ஸின் மேல்முறையீட்டுப் பிரிவையும் சேர்த்துத்தான் ஃபெடரல் சர்க்யூட்டை உண்டாக்கினார்கள். முதல் நாளே நீஸ் அங்கே இருந்தார். நியூமன் வந்தது 1984இல். பின்னால் வந்தவர் எப்படி முதல்?

கயல்_வேதியியல்:
நீஸ் பழைய நீதிமன்றத்து நாற்காலியோடு வந்தவர். இந்த நீதிமன்றத்துக்கென்றே ஒரு ஜனாதிபதி நேரடியாக நியமித்த முதல் ஆள் நியூமன்தான், ஆண் பெண் எல்லோரையும் சேர்த்து. நியமித்தவர் ரீகன். 1952இல் யேலில் வேதியியல் முனைவர் பட்டம், எஃப்எம்சி என்ற ரசாயன நிறுவனத்தில் 30 வருடம், அந்த வேலையில் இருந்தபடியே 1958இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம். இப்படி ஒரு வாழ்க்கையை விட்டுவிட்டு ஒரு சொல்லைப் பிடித்துத் தொங்குகிறீர்கள்.

ஆவணக்கட்டு:
“நேரடியாக நியமிக்கப்பட்ட முதல் நீதிபதி” என்று படத்தில் இருந்திருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். “முதல் பெண் நீதிபதி” என்றுதான் இருக்கிறது. நீஸ் 1990 முதல் 1994 வரை அங்கே தலைமை நீதிபதி. தலைமை நீதிபதியாக இருந்தவரையே கணக்கில் சேர்க்காமல் விடும் தாராள மனசு உங்களுக்குத்தான் வரும்.

மெரினா_மணி:
யார் முதல் என்பது இருக்கட்டும். காப்புரிமை என்று எழுதினால் பாதிப் பேர் காப்பிரைட் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பேட்டன்ட் என்றே எழுதித் தொலையுங்கள்.

ஆவணக்கட்டு:
காப்பிரைட்டுக்குப் பதிப்புரிமை என்று சொல் இருக்கிறது. அது தெரியாதவர்களுக்காக நான் என் சொல்லை மாற்ற மாட்டேன். போன மாதமும் இதே கதையைக் கிளப்பினீர்கள், மணி. நீஸுக்கு வருவோம்.

கயல்_வேதியியல்:
ஏன் எனக்கு நியூமன் முக்கியம் என்று சொல்கிறேன். என் முதல் வேலையில் ஒரு மருந்துக் கலவைக்கு கிளெய்ம், அதாவது காப்புரிமை எதையெல்லாம் காக்கும் என்று சொல்லும் வாசகம், எழுதினேன். “கம்ப்ரைசிங்” (இவை அடங்கியது) என்று போட்டிருந்தேன். சீனியர் வக்கீல் சிவப்புப் பேனாவால் ஒரே கோடு கிழித்து மேலே “கன்சிஸ்டிங் ஆஃப்” (இவை மட்டுமே கொண்டது) என்று எழுதினார். என் சொல் நின்றிருந்தால் கலவையில் இன்னொரு உப்பைச் சேர்த்து விற்கிறவனும் மாட்டியிருப்பான். அவர் சொல்லில் அவன் தப்பிவிடுவான். எடுத்துச் சொன்னேன். “கெமிஸ்ட்ரி படித்த பெண்ணுக்குச் சட்டம் எதற்கு” என்றார். ஆய்வகத்தில் நின்ற ஒரு பெண் நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று அன்றைக்குத்தான் தேடிப் படித்தேன். மருந்து ஒப்புதலுக்குத் தகவல் திரட்டும் ஆய்வு காப்புரிமை மீறலா என்ற மெர்க் - இன்டெக்ரா வழக்கில் 2003இல் நியூமன் பெரும்பான்மையோடு சேராமல் எழுதினார். 2005இல் உச்ச நீதிமன்றத்தின் 9 பேரும் சேர்ந்து அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பைத் தள்ளினார்கள்.

ஆவணக்கட்டு:
உங்கள் சிவப்புப் பேனாக் கதையே என் பக்கம்தான் பேசுகிறது. கிளெய்மில் ஒரு சொல் மாறியதற்கு இத்தனை வருடம் மனம் ஆறவில்லை. படத்தில் “நேரடியாக” என்ற சொல் விழுந்துபோனால் மட்டும் பரவாயில்லையா?

பழைய_பெஞ்ச்:
காப்புரிமை நீதிபதி என்றால் ஜைல்ஸ் ரிச் ஒருவர்தான். 1952 காப்புரிமைச் சட்டத்தை எழுதியதில் பெரிய பங்கு அவருக்கு. 1956இல் ஐசன்ஹோவர் நீதிபதியாக்கினார். 1999இல் 95 வயதில் இறக்கும்வரை பதவியில் இருந்தார். தான் எழுதிய சட்டத்துக்குத் தானே தீர்ப்பும் சொன்னவர். இவர்கள் இருவரும் பிறகு வந்தவர்கள்.

கயல்_வேதியியல்:
வயதுதான் பெருமை என்றால் நியூமன் 1927இல் பிறந்தவர். ரிச்சின் வயதைப் பதவியில் இருந்தபடியே தாண்டிவிட்டார். 2023 செப்டம்பரில், 96 வயதில், புது வழக்கு எதுவும் தரக் கூடாது என்று சக நீதிபதிகளே நிறுத்தி வைத்தார்கள். வாழ்நாள் பதவி என்று அரசியலமைப்பு சொல்கிறது. உடன் வேலை பார்க்கிறவர்கள் அதற்குப் பூட்டுப் போடலாமா?

பழைய_பெஞ்ச்:
அவர் மூளை மங்கிவிட்டது என்று யாரும் தீர்ப்பு எழுதவில்லை. அவர் இன்னும் வேலை பார்க்கும் நிலையில் இருக்கிறாரா என்று விசாரித்த நீதிபதிகள் குழு சொன்ன மருத்துவரிடம் போக மறுத்தார், விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை, அதற்காக நிறுத்தினார்கள். 2024இலும் 2025இலும் அதை நீட்டித்தார்கள். முழுதாகப் படித்துவிட்டு எழுதுங்கள்.

கயல்_வேதியியல்:
முழுதாகப் படித்ததால்தான் கோபம் வருகிறது. தன் மருத்துவர்களின் அறிக்கையைக் கொடுத்தார். விசாரணையை வேறு சர்க்யூட்டுக்கு, அதாவது இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு, மாற்றுங்கள் என்று கேட்டார். புகார் சொல்கிறவர், சாட்சி, விசாரிக்கிறவர் எல்லாம் அதே கட்டடத்தில் இருந்தால் எந்த ஊரில் அதை நியாயம் என்பார்கள்?

பழைய_பெஞ்ச்:
கொலம்பியா மாவட்ட மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2025 ஆகஸ்டில், நிறுத்தியதை எதிர்த்து அவர் போட்ட வழக்கில், அவர் கேட்டதைக் கொடுக்கவில்லை. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஆவணக்கட்டு:
நிறுத்தி வைத்ததைப் பற்றி தனி இழை போடுங்கள், அங்கே வந்து பேசுகிறேன். இங்கே கேள்வி ஒன்றுதான். 1982இல் அந்த பெஞ்சில் ஒரு பெண் இருந்தாரா இல்லையா? இருந்தார். அவர் பெயர் நியூமனா? இல்லை. டிரேட்மார்க் வக்கீலாக இருந்து மேலே வந்த நீஸை அழித்துவிட்டு இன்னொரு பெண்ணுக்கு மாலை போடுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கயல்_வேதியியல்:
யாரும் அவரை அழிக்கவில்லை. நீங்கள்தான் நீஸைக் காட்டி நியூமனை ஒதுக்கப் பார்க்கிறீர்கள். அந்த நீதிமன்றத்துக்கு நேராக வந்தவர்களில் அவர் முதல். முதல் என்றால் முதல்தான்.

ஆவணக்கட்டு:
“நேராக வந்தவர்களில்” என்று நீங்களே சேர்த்துவிட்டீர்கள், பாருங்கள். அதைப் படத்திலும் சேருங்கள்.

மெரினா_மணி:
பேட்டன்ட் என்று எழுதச் சொன்னேனே, யாராவது கேட்டீர்களா?

கயல்_வேதியியல்:
படத்தை நான் மாற்றப் போவதில்லை. இப்போதுதான் இன்னும் இரண்டு குழுவுக்கு அனுப்பினேன்.

ஆவணக்கட்டு:
எந்தக் குழு என்று சொல்லுங்கள். அங்கேயும் வந்து எழுதுகிறேன். ஹெலன் நீஸ், 1980.