துபாயிலிருந்து நியூயார்க்: 11,000 கிலோமீட்டரும் கச்சான் காற்றும்

நாகர்கோவிலிலிருந்து:

ஜனவரியில் மகளின் பேறுகாலத்துக்காக நியூயார்க் போனேன். திருவனந்தபுரத்தில் ஏறி, துபாயில் விமானம் மாற வேண்டும். துபாயில் காலை 8.30க்குப் புறப்பாடு, அதே நாள் பிற்பகல் 2 மணிக்கு நியூயார்க் என்று டிக்கெட்டில் இருந்தது. ஐந்தரை மணி நேரம்தானே என்று இரத்த அழுத்த மாத்திரையைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டேன்.

பக்கத்து இருக்கையில் தூத்தூர் என்ற கடலோர மீனவர் ஊர்க்காரர் ஒருவர், கப்பலில் வேலைக்குச் சேரப் போகிறவர். டிக்கெட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது அந்தந்த ஊர்க் கடிகாரம். குளிர்காலத்தில் நியூயார்க் துபாய்க்கு 9 மணி நேரம் பின்னால் இருக்கும். அதையும் கூட்டுங்கள்" என்றார். கூட்டினால் பதினான்கரை மணி நேரம்! நம் ஊர்க் கணக்கில் இறங்கும்போது நள்ளிரவு தாண்டி 12.30. இரவு மாத்திரை பெட்டிக்குள். மகள் வீடு சேரும்வரை நெஞ்சு படபடத்துக்கொண்டே இருந்தது.

என் பயத்தைப் பார்த்துத்தானோ என்னவோ, அவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தார். திரையில் விமானம் நேர் மேற்கே போகாமல் வடக்கே வளைந்து ஏறியது. ஏன் இப்படிச் சுற்றுகிறது என்றேன். சாப்பாட்டுத் தட்டிலிருந்த ஆரஞ்சுப் பழத்தின் மேல் போர்வை நூலை இழுத்துப் பிடித்தார். உருண்டையின் மேல் அந்த வளைவுதான் குறுக்குவழி. தட்டையான படத்தில்தான் அது சுற்றாகத் தெரிகிறது.

"திரும்பும்போது இவ்வளவு நேரம் ஆகாது" என்றும் சொன்னார். பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பெருங்காற்று ஓடுகிறதாம், குளிர்காலத்தில் இன்னும் வேகமாக. "நம் கச்சான்தான் அம்மா, கடலில் மேற்கிலிருந்து வீசுமே, அந்தக் காற்று. இப்போது முகத்தில் அடிக்கிறது, வரும்போது முதுகில் தள்ளும்." மார்ச்சில் திரும்பினேன். அதே தூரம், பன்னிரண்டரை மணி நேரம். கடலில் காற்றையும் நீவாட்டையும் (கடல் நீரோட்டத்தையும்) பார்த்து வளர்ந்தவருக்கு வானமும் பிடிபட்டிருக்கிறது. அவர் பெயரைக் கேட்காமல் விட்டது இன்றும் வருத்தம்.

மார்த்தாண்டத்திலிருந்து:

அக்கா, நம் கணக்கில் திருவனந்தபுரம் விமான நிலையம் போகும் நேரத்தையும் சேர்க்க வேண்டும். எனக்குச் சுமார் 40 கிலோமீட்டர்தான். களியக்காவிளை தாண்டி பாலராமபுரம் சந்திப்பில் மாட்டினால் இரண்டு மணி நேரம் போய்விடும். துபாய் சுமார் 2,950 கிலோமீட்டர், நாலு மணி நேரப் பறப்பு.

இன்னொன்று. பத்மநாபசுவாமி கோயில் ஆராட்டு ஊர்வலம் (சாமியைக் கடலில் நீராட்டக் கொண்டுபோவது) அந்த விமான நிலைய ஓடுதளத்தைக் கடந்துதான் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும். ஐப்பசி, பங்குனி என்று வருடத்தில் இரண்டு நாள், மாலையில் சில மணி நேரம் விமானங்கள் இயங்காது. தம்பியை வழியனுப்பப் போன அன்று அப்படித்தான் நேரம் மாறியது. முன்பே அறிவித்திருந்தார்கள், நாங்கள்தான் பார்க்கவில்லை.

நாகர்கோவிலிலிருந்து:

நல்ல வேளை சொன்னீர்கள் தம்பி. மகளும் பேரனும் பங்குனியில்தான் வருகிறார்கள். பஞ்சாங்கத்தை எடுத்துவிட்டேன்.