கிராம்பு எண்ணெய் – கைட்டோசான் நானோ துகள்: மேல்நீர்க் கணக்கில் 77 சதவீதம், பொடியில் 9 சதவீதம். மிச்ச எண்ணெய் எங்கே?

கேள்வி: ஜெல்_மாணவி

வணக்கம். ஈறு வீக்கத்துக்கான ஜெல்லில் சேர்ப்பதற்காகக் கிராம்பு மொட்டு எண்ணெயைக் கைட்டோசான் துகளில் அடைக்கும் ப்ராஜெக்ட். செய்முறை:

1 சதவீத அசிட்டிக் அமிலத்தில் 1 சதவீதக் கைட்டோசான் (இறால் ஓட்டிலிருந்து வரும் பாலிமர்), 40 மி.லி. அதில் ட்வீன் 80 (எண்ணெயை நீரில் கலக்க வைக்கும் பொருள்) – 0.4 கிராம். எண்ணெய் 400 மி.கி. சொட்டுச் சொட்டாக விட்டு, ஹோமோஜினைசரில் நிமிடத்துக்கு 13,000 சுற்று, 10 நிமிடம். பிறகு கைட்டோசானைத் துகளாகப் பிணைக்க 0.4 சதவீத டிபிபி (சோடியம் டிரைபாலிபாஸ்பேட்) 40 மி.லி., 40 நிமிடம் கலக்கல். 10,000 ஜி-யில் 30 நிமிடம் சென்ட்ரிஃபியூஜ், 40 மி.லி. தண்ணீரில் மூன்று முறை கழுவி, ஃப்ரீஸ் டிரை.

மேல்நீரை (சுற்றியபின் மேலே தெளிந்து நிற்கும் நீர்) 10 மடங்கு நீர்த்து 280 நானோமீட்டர் அலைநீளத்தில் படித்தால் ஒளி உறிஞ்சல் 2.1. ஸ்டாண்டர்ட் கர்வ் (உறிஞ்சலைச் செறிவாக மாற்றும் அளவுகோடு) கிராம்பு எண்ணெயின் முக்கியக் கூறான தூய யூஜினாலில் போட்டது, 5 முதல் 50 மைக்ரோகிராம்/மி.லி. வரை (50-க்கு 0.90). இதன்படி வெளியே இருப்பது 93 மி.கி.; ஆக உள்ளே 77 சதவீதம். ஆனால் பொடியை அமிலத்தில் சிதைத்து எடுத்தால் போட்டதில் 9 சதவீதம்தான் வருகிறது. டிஎல்எஸ்ஸில் (ஒளிச்சிதறலால் துகளளவு பார்க்கும் கருவி) அளவு 280 நானோமீட்டர், பிடிஐ (துகளளவுகள் எவ்வளவு சிதறியுள்ளன என்ற எண்) 0.45. தவறு எந்தப் படியில்?

பதில் 1: வாலைவடி

9 சதவீதத்தை நம்புங்கள், 77-ஐ அல்ல.

‘போட்டதில் வெளியே இருப்பதைக் கழி, மிச்சம் உள்ளே’ என்ற கணக்கில், ஆவியாகிப் போனது, ஹோமோஜினைசர் தண்டில் ஒட்டியது, கண்ணாடியில் படிந்தது எல்லாமே ‘உள்ளே’ என்ற கணக்கில் சேர்ந்துவிடும். மேல்நீர், மூன்று கழுவுநீர், பெல்லட் (அடியில் படிந்த துகள்), பாத்திரத்தை எத்தனால் விட்டு அலசிய நீர் என நான்கையும் தனித்தனியாக அளந்து கூட்டுங்கள். 90 சதவீதத்துக்குக் கீழே நின்றால் எண்ணெய் எங்கோ ஓடுகிறது என்று பொருள்.

உங்கள் கணக்கில் இன்னும் இரண்டு ஓட்டை. ஸ்டாண்டர்ட் யூஜினாலில், வகுத்தது 400 மி.கி. எண்ணெயால். மொட்டு எண்ணெயில் யூஜினால் ஏறக்குறைய 80 சதவீதம் என்றால் வகுக்க வேண்டியது 320. மிச்சமுள்ள கேரியோஃபிலீன் 280-இல் கண்ணுக்கே தெரியாது. அது வெளியே மிதந்தாலும் உள்ளே இருப்பதாகவே கணக்கு சொல்லும். அடுத்து, கர்வ் 0.90-இல் முடிகிறது, நீங்கள் படித்தது 2.1. அந்த உயரத்தில் பல கருவிகள் மேலே ஏற மறுத்துத் தட்டையாகிவிடும். 100 மடங்கு நீர்த்துப் படியுங்கள். பிளாங்க்காக (பூஜ்ய ஒப்பீடாக) எண்ணெய் சேர்க்காத துகளின் மேல்நீரையே வையுங்கள், வெறும் தண்ணீரை அல்ல.

குவெட் (மாதிரியை ஊற்றி ஒளி விடும் சிறு பெட்டி) குவார்ட்ஸ்தானே? பாலிஸ்டைரீன் குவெட் 280-க்கு ஆகாது. கிராம்பு எண்ணெய் அதை மங்கவும் அடிக்கும்.

ஒரு சோதனை: டிபிபி சேர்க்காத பால்மத்தை (எண்ணெய்–நீர்க் கலவை) அதே 10,000 ஜி-யில் சுற்றிப் பாருங்கள். கிராம்பு எண்ணெயின் அடர்த்தி 1.04-க்கு மேல், தண்ணீரில் மூழ்கும் ரகம். அடைபடாத சொட்டும் துகளோடு சேர்ந்து அடியில்தான் போய் உட்காரும். குழாயை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பிடித்தால் பெல்லட்டுக்குக் கீழே, கூம்பு முனையில் தேன் நிறத்தில் மணி மாதிரி ஒன்று ஒட்டியிருக்கும்.

பதில் 2: துகள்_அளவி

பிடிஐ 0.45-க்குக் காரணம் வேறு. 400 மி.கி. கைட்டோசானுக்கு 160 மி.கி. டிபிபி, அதாவது 2.5:1. இது மிகை; துகளோடு துகள் பிணைந்து கட்டியாகும். 4:1 அல்லது 5:1-க்கு வாருங்கள். 1 சதவீதக் கரைசல் பாகு மாதிரி இருக்கும், டிபிபி விழுந்த இடத்திலேயே திரியும். 0.2 சதவீதமாக்கி, வடிகட்டி, பிஎச் 4.7-க்குக் கொண்டுவாருங்கள். 6.5-ஐ நெருங்கினால் கைட்டோசான் மின்னேற்றம் இழந்து தானே வீழ்படிவாகும். டிபிபி கரைசல் காரமானது என்பதால் அதைச் சேர்த்த பிறகும் பிஎச் பார்க்க வேண்டும்.

என் அளவு: 0.2 சதவீதக் கைட்டோசான் 50 மி.லி., எண்ணெய் 25 மி.கி., 0.1 சதவீத டிபிபி 22 மி.லி. டிஎல்எஸ்ஸுக்கு நீர்க்கும்போது பாஸ்பேட் பஃபர் வேண்டாம், அதிலேயே திரளும். அதே பிஎச் உள்ள அசிடேட் பஃபரை நீர்த்துப் பயன்படுத்துங்கள்.

ஜெல்_மாணவி

100 மடங்கு நீர்த்ததில் 0.41. அதாவது மி.லி.க்கு 2.28 மி.கி.; 80 மி.லி.யில் 182 மி.கி. யூஜினால் வெளியே. டிபிபி இல்லாத பால்மத்திலும் அடியில் மஞ்சள் மணி இருக்கிறது. பதில் 2-இல் சொன்ன அளவில் நாளை போடலாமா?

பதில் 3: கொழுப்பு_வண்டி

போடாதீர்கள். துகளின் அளவு அழகாக வரும், உள்ளே எண்ணெய் இருக்காது.

யூஜினால் தண்ணீரில் கரையாது என்ற நினைப்புத்தான் இங்கே எல்லாக் குழப்பத்துக்கும் வேர். 25 டிகிரியில் லிட்டருக்கு ஏறக்குறைய 2.4 கிராம் கரையும். உங்கள் மேல்நீரில் வந்த 2.28-ஐ இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், தண்ணீர் நிறைந்து நிற்கிறது. அதற்கு மேல் 40 மி.லி. வீதம் மூன்று கழுவல். ஒவ்வொன்றும் 90 மி.கி.க்கு மேல் கரைத்துக்கொண்டு போக வல்லது. 320-இல் 182 முதல் நீரிலேயே போய்விட்டது. மிச்சம் 138. அதைக் கழுவித் துடைக்க இரண்டு கழுவலே போதும். 9 சதவீதம் மிஞ்சியதே அதிசயம்.

இப்போது பதில் 2-இன் அளவைப் பாருங்கள். 72 மி.லி. தண்ணீரில் 25 மி.கி. எண்ணெய்: லிட்டருக்கு 0.35 கிராம். யூஜினால் முழுக்கக் கரைந்துவிடும், சுற்றி உறை போடச் சொட்டே இருக்காது. அவர் சொன்ன டிபிபி விகிதமும் பிஎச்சும் சரிதான். ஆரஞ்சுத் தோல் எண்ணெய்க்கு அதே அளவு எடுபடும், லிமோனீன் லிட்டருக்கு 14 மி.கி. அளவே கரையும். கிராம்பு, ஓமம், யூகலிப்டஸ் போன்றவற்றுக்கு எடுபடாது. எண்ணெயைத் தேர்ந்ததும் முதலில் பார்க்க வேண்டியது அதன் முக்கியக் கூறின் நீர்க்கரைதிறனை, மற்றதெல்லாம் அப்புறம்.

யூஜினாலைப் பிடித்து வைக்கக் கொழுப்பு வேண்டும். எண்ணெய்–நீர் பங்கீடு அதற்கு ஏறத்தாழ 200-க்கு 1. 100 மி.லி.யில் 8 கிராம் கொழுப்பு இருந்தால் 95 சதவீதம் அளவுக்குக் கொழுப்புப் பக்கம் நிற்கும்; 1 கிராம்தான் என்றால் மூன்றில் ஒரு பங்கு தண்ணீருக்கு. திடக்கொழுப்பு சற்றுக் குறைவாகவே பிடிக்கும், ஆகவே இது மேல்வரம்பு. எனவே என்எல்சி (திடக்கொழுப்பும் எண்ணெயும் கலந்த நானோ துகள்) போடுங்கள். 100 மி.லி.க்கு:

கிளிசரில் பெஹனேட் (திடக்கொழுப்பு) 5 கிராம், எம்சிடி (நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு) எண்ணெய் 1.5 கிராம், கிராம்பு எண்ணெய் 1.5 கிராம், லெசித்தின் 0.5 கிராம், நீரில் ட்வீன் 80 – 2.5 கிராம்.

பெஹனேட், எம்சிடி, லெசித்தின் மூன்றையும் 80 டிகிரியில் உருக்குங்கள். கிராம்பு எண்ணெய் கடைசியில், மூடிய பாத்திரத்தில். முன்பே விட்டால் அறை மணக்கும், துகள் மணக்காது. அதே சூட்டில் உள்ள நீரை ஊற்றி 13,000 சுற்றில் 5 நிமிடம். நீர் ஆறியிருந்தால் கொழுப்பு உடனே உறைந்து மெழுகுத் திரியாகும். பிறகு புரோப் சோனிகேட்டர், விட்டுவிட்டு 5 நிமிடம், கலக்கிக்கொண்டே குளிர்வித்தல். தண்டு கறைபடாத ஸ்டீலாக இருக்கட்டும். யூஜினால் ஃபீனால் ஆயிற்றே, துரு பட்டால் நிறம் கறுக்கும்.

எண்ணெய்ப் பங்கைக் கூட்டும் ஆசை வரும். கூட்டினால் கொழுப்பு இளகும், டிஎஸ்சி-யில் (சூடேற்றி உருகலை அளக்கும் கருவி) உருகுநிலை இறங்குவது தெரியும். சேமிப்பில் கொழுப்பின் படிக அமைப்பு இறுகும்போது எண்ணெயை வெளியே தள்ளும் பிரச்சினையும் உண்டு. ஆகவே முதல் நாள் அளவீட்டோடு 30-ஆம் நாள் அளவீடும் வேண்டும்.

ஜெல்லுக்குத்தான் என்றால் உலர்த்தவே வேண்டாம், வரும் வெள்ளைப் பால்மத்தை (இனி ‘பால்’) அப்படியே ஹெச்பிஎம்சி (மின்னேற்றமில்லாத செல்லுலோஸ் கெட்டிப்பி) ஜெல்லில் கலக்கலாம். ஈறில் ஒட்ட வேண்டுமானால் ஆறிய பாலில் 0.1 சதவீதக் கைட்டோசான் சேருங்கள்; ஸீட்டா (துகள் மேற்பரப்பின் மின்னழுத்தம்) எதிர்மறையிலிருந்து நேர்மறைக்கு மாறினால் பூச்சு ஏறியது. அப்படிப் பூசியதைக் கார்போபாலில் (இன்னொரு ஜெல் கெட்டிப்பி) போடாதீர்கள். அது எதிர் மின்னேற்றம், தயிர் மாதிரி திரியும்.

எச்சிலில் நீர்த்ததும் யூஜினால் வேகமாக வெளியேறும். 24 மணி நேர மெதுவிடுவிப்பு என்று தலைப்பு வைக்காதீர்கள், வைவாவில் மாட்டுவீர்கள்.

துகள்_அளவி

ஒப்புக்கொள்கிறேன், கரைதிறனைக் கணக்கில் எடுக்கவில்லை. என் அளவு தண்ணீரில் கரையாத எண்ணெய்களுக்கு மட்டும்.

பதில் 4: தட்டு_96

எம்ஐசி (கிருமி வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவு) போடும்போது சிக்கல் வேறு மாதிரி வரும். 96 குழித் தட்டில் எண்ணெய் ஆவி பக்கத்துக் குழிக்குத் தாவும், கன்ட்ரோல் குழியிலும் வளர்ச்சி குறையும். ஒட்டுத்தாளால் மூடுங்கள், எண்ணெய்க்கும் கன்ட்ரோலுக்கும் இடையே ஒரு வரிசை காலி விடுங்கள். என்எல்சி பால் வெள்ளை, கைட்டோசான் பூசியதோ பிஎச் 7.2 ஊடகத்தில் திரளும். 600 நானோமீட்டர் கலங்கல் அளவீடு இரண்டிலும் பொய் சொல்லும். ரெஸாசுரின் (உயிருள்ள கிருமி இருந்தால் நிறம் மாறும் சாயம்) நிறமாற்றம் பாருங்கள், சந்தேகமிருந்தால் தட்டில் பரப்பி எண்ணுங்கள். கன்ட்ரோல்கள்: வெறும் எண்ணெய், எண்ணெய் இல்லாத என்எல்சி, எண்ணெய் இல்லாத பூசிய என்எல்சி, அதே அளவு ட்வீன். கைட்டோசானே கிருமியைத் தடுக்கும் என்பதால் மூன்றாவது இல்லாமல் எதையும் எழுத முடியாது.

அளவு பற்றி: யூஜினாலுக்கு ஜெக்ஃபா (உணவுச் சேர்பொருள்களுக்கான ஐ.நா. நிபுணர் குழு) வகுத்த ஏற்பளவு நாளொன்றுக்கு உடல் எடை கிலோவுக்கு 2.5 மி.கி. வரை. பாலை மூன்றில் ஒரு பங்கு கலந்த ஜெல்லில் எண்ணெய் 0.5 சதவீதம், ஒரு கிராம் தடவினால் 5 மி.கி. 20 கிலோ குழந்தை விழுங்கினாலும் வரம்பு 50. ஒவ்வாமை இதற்குள் அடங்காது, அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.